வருகைக்கு முந்தின சமையல்

இளவரசி தன் புருஷனுக்குச் சமையல் கற்றுக்கொடுக்க ஆரம்பித்தது ஆண்டவருடைய வருகையை முன்னிட்டு. புருஷனை அடுப்படிக்குள் இழுப்பதற்கு ஊரில் பெண்களுக்கு ஆயிரம் காரணம் இருக்கும். இப்படி ஒரு காரணம் புவனகிரி வட்டாரத்தில் வேறு யாருக்கும் இருந்திருக்காது.

ஆண்டவர் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் வருவார். எக்காளம் ஊதும். ஆயத்தமாக இருப்பவர்கள் கண்ணை மூடித் திறப்பதற்குள் இருந்த இடத்திலிருந்தே எடுத்துக்கொள்ளப்படுவார்கள். உடுத்தியிருந்த துணி மட்டும் தரையில் கிடக்கும். மற்றவர்கள் கைவிடப்பட்டு, அதன்பிறகு பூமிக்கு வரப்போகிற பெரிய உபத்திரவத்தில் மாட்டிக்கொண்டு முழிப்பார்கள். வெள்ளாற்றங்கரையை ஒட்டித் தகரக் கூரை போட்டிருந்த அவளுடைய சின்னச் சபையில் பாஸ்டர் செந்தமிழ்செல்வன் இதை வாரம் தவறாமல் சொல்லுவார். இளவரசி அதில் ஒரு சொல்லைக்கூடச் சந்தேகப்பட்டவள் இல்லை. தான் போய்விடுவோம் என்பதிலும் அவளுக்குச் சந்தேகம் இல்லை. கலியபெருமாள் போகமாட்டாரே என்பதுதான் அவள் நெஞ்சில் கிடந்து அறுத்தது.

கலியபெருமாள் சாமி இல்லை என்று சொல்கிறவர் அல்ல. எல்லாச் சாமியும் இருக்கட்டும் என்று சொல்கிறவர். குட்டியானை என்று எல்லோரும் சொல்கிற சின்ன லோடு வண்டி ஒன்று சொந்தமாக வைத்து ஓட்டிக்கொண்டிருந்தார். சிதம்பரம் தேருக்கும் அதில் ஆள் ஏற்றிப் போவார், சபைக் கூட்டத்துக்கு நாற்காலியும் ஏற்றி இறக்குவார். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவளைச் சபை வாசலில் இறக்கிவிட்டு, ஆராதனை முடியும்வரை எதிரே இருந்த வேப்பமரத்தடியில் வண்டிக்குள்ளேயே உட்கார்ந்திருப்பார். பாஸ்டர் வெளியே வந்து கூப்பிட்டால், "இங்கயே நல்லா கேக்குதுங்க ஐயா" என்பார். அதில் பொய்யும் இல்லை. அந்த ஒலிபெருக்கி அக்கரைக்கே கேட்கும்.

அவர்களுக்குப் பிள்ளை இல்லை. கல்யாணமான புதிதில் ஒன்றன்பின் ஒன்றாகக் கரு கலைந்து போய் அவள் ஆஸ்பத்திரியில் சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தபோது, பக்கத்துப் படுக்கைக்காரி ஒருத்தி கையைப் பிடித்துக்கொண்டு ஜெபம் செய்தாள். பிள்ளை அதன்பிறகும் வரவில்லை. ஆனால் மனதுக்குள் ஓயாமல் அழுதுகொண்டிருந்த ஏதோ ஒன்று அன்றோடு அடங்கியது. அவள் சபைக்குப் போகிறேன் என்றபோது சொந்தக்காரர்கள் எல்லாம் குதித்தார்கள். கலியபெருமாள் மட்டும், "அவளுக்கு நிம்மதியா இருக்குதுன்னா போயிட்டு வரட்டும், ஒங்களுக்கு என்னா?" என்று கேட்டு வாயை அடைத்தார். அவர் அவளுக்கு மாமன் மகன்தான். சின்ன வயதிலிருந்து மாமா என்று கூப்பிட்டது கல்யாணத்துக்குப் பிறகும் மாறவில்லை.

அப்பேர்ப்பட்ட மனுஷன் கைவிடப்பட்டு, தன்னந்தனியாக அடுப்படியில் உப்பு எது சர்க்கரை எது என்று தெரியாமல் நிற்பதை நினைத்தால் இளவரசிக்குச் சோறு இறங்காது. அதனால்தான் இந்தப் பாடம்.

"மாமா, வெங்காயத்த இவ்ளோ பெருசாவா நறுக்குவாங்க? நான் போனதுக்கு அப்புறம் என்னா பண்ணுவீங்க?"

"ஓட்டல்ல சாப்டுவேன்."

"ஓட்டல் எங்க இருக்கும்? உபத்திரவக் காலத்துல கையிலயோ நெத்தியிலயோ சாத்தானோட முத்திர குத்திக்கிட்டவனுக்குத்தான் சோறு. நீங்க குத்திக்கவே கூடாது, சொல்லிட்டேன்."

"ரேஷன் கடையில இப்பவே கைரேக வெச்சாதான் அரிசி போடுறான். அது மாதிரியா?"

"அது வேற, இது வேற."

"அப்ப அரிசியும் கெடைக்காதுன்ற. வெறும் ரசத்த வெச்சுக்கிட்டு நான் என்னா பண்றது இளவரசி?"

இளவரசி இதைப் பாஸ்டரிடம் கேட்டுப் பார்த்தாள். அவர், "மொதல்ல அவர மனந்திரும்பச் சொல்லுங்க சிஸ்டர், சோத்தப் பத்தி அப்புறம் பாக்கலாம்" என்றார்.

கலியபெருமாள் சளைக்காமல் கற்றுக்கொண்டார். கண்ணைக் கசக்கிக்கொண்டே வெங்காயம் நறுக்கினார். குழம்பு வைத்தார். பொரியலைத் தீய்த்தார், மறுபடி வைத்தார். நான் எங்கும் போய்விட மாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொல்லாதது அவருக்கு வருத்தமாக இருந்ததோ என்னவோ, காட்டிக்கொள்ளவில்லை. இளவரசியும் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தாள். ஆனால் அந்தப் பொறுமையில் ஒரு பரிதாபம் இருந்தது. ஜெயிலுக்குப் போகப்போகிறவனுக்குப் பெட்டி கட்டிக்கொடுக்கிற மாதிரி அவரைப் பார்ப்பாள். அப்படிப் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியாது.

ஐப்பசி கடைசியில் ஒரு வெள்ளிக்கிழமை. முதல் நாளிலிருந்தே அவளுக்குச் சளிக் காய்ச்சல். வெள்ளிக்கிழமை என்றால் சபையில் உபவாச ஜெபம். காலையிலிருந்து யாரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சாயங்காலம்வரை ஜெபித்துவிட்டு, கஞ்சி காய்ச்சிக் குடித்துக் கலைவார்கள். அன்றைக்குப் போய் இளவரசிக்குத் திருப்பாதிரிப்புலியூர் மண்டியில் மிளகாய் வாங்க வேண்டும் என்று தோன்றிவிட்டது. மழை பிடித்துக்கொண்டால் நல்ல மிளகாய் கிடைக்காது, கலியபெருமாளுக்குத் தூள் அரைத்து வைக்காமல் போய்ச் சேர்ந்துவிட்டால் என்ன ஆவது? போய்விட்டுக் கடைசி ஜெபத்துக்கு வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

"வண்டிதான் பட்டறையில கெடக்குதே, சும்மாதான இருக்கீங்க. நான் வரதுக்குள்ள ரசம் வெச்சுப் பழகுங்க மாமா. புளி ஜாஸ்தி ஊத்தாதீங்க" என்று சொல்லிவிட்டு, வெறும் வயிற்றில் ஒரு காய்ச்சல் மாத்திரையைப் போட்டுக்கொண்டு கிளம்பினாள். மாத்திரைக்குக் குடித்த ஒரு வாய்த் தண்ணீரை ஆண்டவர் உபவாசக் கணக்கில் சேர்க்கமாட்டார் என்று வழியெல்லாம் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மிளகாய் நன்றாகத்தான் கிடைத்தது. சாக்குப்பையை மடியில் வைத்துக்கொண்டு சிதம்பரம் பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்தாள். காய்ச்சலும் மாத்திரையும் பசியும் சேர்ந்து உடம்பு ஒரு எடையில்லாத நிலைக்கு வந்திருந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் ரோட்டுக்கு இரண்டு பக்கமும் வயலெல்லாம் தண்ணீர். மழை விட்டிருந்தது. வானம் அப்படியே தண்ணீருக்குள் இறங்கிக் கிடந்தது. மேகம் கீழேயும் போயிற்று, மேலேயும் போயிற்று. கொக்கு ஒன்று எழும்பியபோது இன்னொரு கொக்கு தலைகீழாக அதே நேரத்தில் ஆழத்துக்குள் பறந்தது. எது மேலே எது கீழே என்று பார்த்துக்கொண்டே இளவரசி கண் அசந்துவிட்டாள்.

எக்காளம் ஊதியது. நீளமாக, தூரத்திலிருந்து. அவள் எழும்பினாள். பயமாகவே இல்லை, ஈரக் காற்று முகத்தில் பட்டது, அவ்வளவுதான். கீழே வெள்ளாறும் பாலமும் தெரிந்தன. சபையின் தகரக் கூரை மழையில் மினுங்கியது. அவள் வீடு தெரிந்தது. ஓட்டுக் கூரை எப்படியோ கண்ணாடி மாதிரி ஆகி, அடுப்படியில் கலியபெருமாள் கையில் கரண்டியோடு நிற்பது தெரிந்தது. நெற்றி சுருங்கி, அவளைத் தேடி நாலா பக்கமும் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "இளவரசி, உப்பு எங்க வெச்ச?" என்று கேட்டார். அவள் சொல்ல வாயெடுத்தாள். குரல் வரவில்லை. அவர் சின்னதாகிக்கொண்டே போனார். கரண்டி மட்டும் கடைசிவரை தெரிந்தது.

"முட்லூர், முட்லூர் எறங்கு!"

கண்டக்டர் கத்தலில் விழித்தபோது கன்னம் நனைந்திருந்தது. எதிரே ஒரு லாரி இன்னும் ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினாள். புவனகிரிக்கு மினிபஸ் ஏறி, பாலத்துக்கு முன்னால் இறங்கி நடந்தாள். கனவிலிருந்து முழுதாக வெளியே வராத மாதிரியே இருந்தது. மழை விட்ட பிறகு வருகிற அந்த மஞ்சள் வெயில் தெருவெல்லாம் கிடந்தது. நடவு நேரம் என்பதால் தெருவில் ஒரு ஆள் இல்லை. நாய் ஒன்று நடுத் தெருவில் நின்று அவளைப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் போயிற்று.

சபை வாசலில் செருப்புகள் கிடந்தன. பாஸ்டருடைய தோல் செருப்பு, பாஸ்டரம்மாவின் ஹவாய் செருப்பு, மாசமாக இருந்த கனிமொழியின் பூப்போட்ட செருப்பு, இன்னும் எல்லாருடையதும். ஜெபச் சத்தம் மட்டும் கேட்கவில்லை. மௌன ஜெபம் போலிருக்கிறது என்று நினைத்து, முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தாள்.

ஒருவரும் இல்லை.

மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மைக் அணைக்கப்படாமல் மெல்ல இரைந்தது. பாய்மேல் வேதப்புத்தகங்கள் விரித்தபடி கிடந்தன. காற்றில் பக்கங்கள் தாமாகப் புரண்டன. ஒரு கண்ணாடி, ஒரு கைக்குட்டை, யாரோ தோளிலிருந்து நழுவவிட்ட ஒரு துப்பட்டா. பின்பக்கம் கஞ்சி அடுப்பில் விறகு இன்னும் எரிந்தது. கஞ்சி கொதித்து மூடி தடதடத்தது.

"பாஸ்டரய்யா" என்று கூப்பிட்டாள். கூப்பிட்டது சுவரில் பட்டுத் திரும்பி வந்தது. செல்லை எடுத்துப் பாஸ்டருக்கு அடித்தாள். மைக்குக்குக் கீழே, பாயின்மேல், அவருடைய செல் ஒளிவிட்டுப் பாடியது. இளவரசி அதை அது ஓயும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள். வேறு யாராக இருந்தாலும் எல்லாரும் எங்கே போய்த் தொலைந்தார்கள் என்று பக்கத்துத் தெருவில் போய் விசாரித்திருப்பார்கள். இளவரசி இத்தனை வருஷமாக இந்த ஒரு நாளுக்காகவே காத்திருந்தவள். அவளுக்கு யாரையும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.

ஓடினாள். மிளகாய்ப் பை தொடையில் இடிக்க இடிக்க வீட்டுக்கு ஓடினாள். ஏன் வீட்டுக்கு ஓடுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். ஊரே போனாலும் மாமா இருப்பார். கைவிடப்பட்டவர்கள் இரண்டு பேரும் ஒன்றாகவாவது இருக்கலாம்.

கதவு விரியத் திறந்து கிடந்தது. வாசற்படியில் அவருடைய செருப்பு இருந்தது.

"மாமா!"

அடுப்படியில் ரசம் பாதிக்குமேல் சுண்டிக் கொதித்துக்கொண்டிருந்தது. அடுப்புக்கு முன்னால், தரையில், அவருடைய லுங்கி வட்டமாகக் கிடந்தது. நின்ற இடத்திலேயே உள்ளிருந்த ஆள் மட்டும் உருவி எடுக்கப்பட்ட மாதிரி இருந்தது. அதன்மேல் பனியன். பக்கத்தில் கரண்டி. அலமாரியில் அவர் செல் சார்ஜில் கிடந்தது.

அப்படியே தரையில் உட்கார்ந்தாள். முதலில் வந்தது பயம்தான், அதை மறைப்பானேன். வந்துவிட்டுப் போயாயிற்று. உபவாச ஜெபத்தை விட்டுவிட்டு மிளகாய் வாங்கப் போனவளை விட்டுவிட்டுப் போயாயிற்று. பஸ்ஸில் கேட்ட எக்காளம் நிஜம். தான் எழும்பியதுதான் பொய். வெளியே இத்தனை அமைதியாக வெயில் அடிப்பது அவளுக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

கையை நீட்டி அடுப்பை அணைத்தாள். லுங்கியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். இன்னும் சூடு இருந்தது. அடுப்புச் சூடா உடம்புச் சூடா தெரியவில்லை. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. இது மாமாவுடைய லுங்கி.

"மாமா போயிட்டாரு" என்று வாய்விட்டுச் சொன்னாள். தான் சொன்னது தனக்கே புரிய இன்னொரு தடவை மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "எங்க மாமா போயிட்டாரு."

பயம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை. தொண்டையிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி அழுகையாக வெளியே வந்தது. இத்தனை வருஷமாக முழங்காலில் நின்று அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். அது கிடைத்துவிட்டது. கேட்டவளை விட்டுவிட்டுக் கிடைத்திருக்கிறது, அதனால் என்ன? அவர் தனியாக நிற்கப் போவதில்லை. பட்டினி கிடக்கப் போவதில்லை. முத்திரை குத்தவேண்டும் என்று யாரும் அவர் கையைப் பிடித்து இழுக்கப் போவதில்லை.

"ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். எத்தனையோ ஆயிரம் தடவை சொன்ன வார்த்தைதான். இந்தத் தடவை அது அடிவயிற்றிலிருந்து வந்தது.

பிறகு வெட்கம் வந்தது. அந்த மனுஷனைக் கைவிடப்பட்டவராகவே நினைத்து அல்லவா இத்தனை நாளும் சோறு போட்டிருக்கிறோம். அவர் ஒருநாளாவது உன் வழி தப்பு என்றாரா? நாற்காலி சுமந்தார். வெயிலில் காத்திருந்தார். ஊரும் உறவும் பேசியபோது முன்னால் வந்து நின்றார். மரத்தடியில் உட்கார்ந்து அந்த மனுஷன் எதைக் கேட்டார், மனதுக்குள் என்ன சொல்லிக்கொண்டார் என்று ஒரு தடவையாவது கேட்டேனா? புளி ஜாஸ்தி புளி ஜாஸ்தி என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேனே. இளவரசி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் முழங்காலிட்டு, லுங்கியை மார்போடு பிடித்துக்கொண்டு ஜெபித்தாள். அவள் சபையில் ஜெபித்தால் ஒலிபெருக்கியே வேண்டாம். அன்று பக்கத்தில் இருக்கிறவரிடம் பேசுகிற குரலில் பேசினாள்.

"ஆண்டவரே, அவருக்குக் காலையில எழுந்ததும் டீ வேணும். இல்லன்னா தலவலி வந்துடும். ஆனா வாயத் தொறந்து கேக்க மாட்டாரு, நீங்கதான் கேக்கணும். காரம் ஒத்துக்காது. மழ நாள்ல முட்டி வலிக்கும், அதயும் சொல்ல மாட்டாரு. கூட்டம்னா கூச்சப்படுவாரு. அங்கயும் வெளியில எங்கயாவது நெழல் பாத்து ஒக்காந்துக்குவாரு. அப்படி ஒக்காந்தார்னா கோவிச்சுக்காதீங்க. கையப் புடிச்சு உள்ள கூட்டிக்கிட்டுப் போங்க. நல்ல மனுஷன் ஆண்டவரே. ஒங்களுக்குத் தெரியாததா?"

தனக்காக எதையாவது கேட்கவேண்டும் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. ஆமென் சொல்லிவிட்டு அப்படியே சுவரில் சாய்ந்தாள். ஜன்னல் வழியாக வந்த வெயில் தரையில் நகர்ந்து அவள் காலைத் தொட்டது. உலகம் முடிந்துபோன பிறகும் இப்படி ஒரு இதமான வெயில் இருக்கும் என்று அவள் எதிர்பார்த்திருக்கவில்லை. அதில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாளோ.

"யக்கா! யக்கா, வந்துட்டியா?"

வாசலில் திலகவதி நின்றாள். பக்கத்து வீட்டுக்காரி. நடவுச் சேறு முழங்கால்வரை காய்ந்திருந்தது. மூச்சு வாங்கினாள்.

"நீ போவலியா?" என்று இளவரசி கேட்டாள். கேட்ட பிறகுதான், திலகவதி போயிருக்க முடியாது, அவள் மாரியம்மனுக்குத் தீ மிதிக்கிறவள் என்பது நினைவுக்கு வந்தது.

"நான் எங்கக்கா போறது? நடவுல இருந்தேன். ஒங்க ஊட்டுக்காரரு வண்டிய நிறுத்தாமயே கத்திட்டுப் போனாரு, ஒன்கிட்ட சொல்லச் சொல்லி. அந்தப் புள்ள கனிமொழி இல்ல, ஏழு மாசம், ஒங்க கோயில்ல ஒக்காந்திருந்தவளுக்கு ரத்தமாப் போயிடுச்சாம். பட்டறக்காரன் அப்பத்தான் வண்டியக் கொண்டாந்து உட்டிருக்கான். அத்தன பேரும் அவளத் தூக்கிப் போட்டுக்கிட்டு, ரத்தம் குடுக்கணும்னு ஏறிட்டாங்க. சிதம்பரம் பெரியாஸ்பத்திரிக்குப் போயிருக்காங்க. நான் கரையேறி வரதுக்குள்ள இவ்ளோ நேரம்."

இளவரசி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். லுங்கியைப் பார்த்தாள். கொடியில் எப்போதும் தொங்குகிற அவருடைய பேண்ட் சட்டை இல்லை என்பதை இப்போதுதான் பார்த்தாள். மாமா பூமியில்தான் இருக்கிறார், சிதம்பரத்தில் இருக்கிறார். நிம்மதியா ஏமாற்றமா என்று அவளுக்கே பிடிபடவில்லை. அதற்குள் கனிமொழியின் பெயர் மனதில் தைத்தது. சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்த பழைய ஆஸ்பத்திரி நாட்கள் ஒரு நொடி வந்து போயின.

எழுந்தாள். சபைக்குப் போய்க் கஞ்சி அடுப்பைத் தணித்தாள், மைக்கை அணைத்தாள். கஞ்சியைத் தூக்குவாளியில் ஊற்றிக்கொண்டாள். வெறுங்காலோடு ஓடியிருக்கிற அத்தனை பேருடைய செருப்பையும் வேறு பை கிடைக்காமல், மிளகாயைக் கொட்டிவிட்ட சாக்கிலேயே அள்ளிப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ்ஸில் அவளுக்கு முன் சீட்டு பின் சீட்டெல்லாம் சிதம்பரம்வரை தும்மிக்கொண்டே வந்தது.

ஆஸ்பத்திரி வராந்தாவில் சபை முழுவதும் தரையில் உட்கார்ந்திருந்தது. பாஸ்டரம்மாதான் எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "பொழச்சிட்டா சிஸ்டர். பொட்டப் புள்ள. கண்ணாடிப் பொட்டியில வெச்சிருக்காங்க. கையளவுதான் இருக்குது, ஆனா அழுவுது."

"ரத்தம்?"

பாஸ்டரம்மா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பாஸ்டர் செந்தமிழ்செல்வன் வெறுங்காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "ரத்த பேங்க்ல இருந்து குடுத்தாங்க. பதிலுக்கு நம்ம ஆளுங்க குடுக்கணும்னு சொன்னாங்க. அத்தன பேரும் கைய நீட்டிக்கிட்டு நின்னோம். காலையில என்னா சாப்ட்டீங்கன்னு நர்ஸம்மா கேட்டாங்க. உபவாசம்னு சொன்னா, வெறும் வயித்துல ரத்தம் எடுத்தா மயக்கம் போட்டு உழுந்துடுவீங்க, போய் ஒக்காருங்கன்னுட்டாங்க. சாப்ட்ட ஆளு எங்க கூட்டத்துல ஒருத்தருதான்."

சொல்லிவிட்டு வாசல் பக்கம் கை காட்டினார். "வாரா வாரம் உள்ள வாங்க உள்ள வாங்கன்னு கூப்புடுவேன் சிஸ்டர். இன்னிக்கு அவரு முன்னாடி போனாரு, நாங்கல்லாம் வெளியில நின்னோம்."

கலியபெருமாள் வெளிப்படிக்கட்டில் உட்கார்ந்திருந்தார். முழங்கை மடிப்பில் பஞ்சு ஒட்டியிருந்தது. யாரோ கொடுத்த பழரச டப்பாவைக் குழந்தை மாதிரி இரண்டு கையாலும் பிடித்து உறிஞ்சிக்கொண்டிருந்தார். பொழுது இறங்கி, கோயில் கோபுரத்துக்கு அப்பால் வானம் ஆரஞ்சு நிறமாகியிருந்தது. அவளைப் பார்த்ததும் எழப் போனார். அவள் தோளை அழுத்தி உட்கார வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் கையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

"என்னா இளவரசி? காச்ச ஜாஸ்தியாயிடுச்சா?"

"நீங்க போயிட்டீங்கன்னு நெனச்சேன் மாமா."

"அதான் திலகவதிகிட்ட சொல்லியனுப்புனனே."

"இங்க இல்ல." அவள் தலையை உயர்த்தி மேலே பார்த்தாள்.

அவர் உறிஞ்சுகுழலை வாயிலிருந்து எடுத்தார். "நானா? நீ இங்க இருக்கறப்பவா?"

"ஆமா. லுங்கி கெடந்துது, சபையிலயும் ஒருத்தரும் இல்ல. ஆண்டவரு வந்து ஒங்களக் கூட்டிக்கிட்டாரு, என்னய உட்டுட்டாருன்னு நெனச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் அவளும் சிரித்துத் தொலைத்திருப்பாள்.

"ரொம்ப பயந்துட்டியா?"

"மொதல்ல பயந்தேன். அப்புறம் ஸ்தோத்திரம் சொன்னேன்."

"என்னாத்துக்கு?"

"நீங்க போயிட்டீங்களே. அதுக்கு."

கலியபெருமாள் டப்பாவைப் படியில் வைத்தார். எதிரே ஆட்டோக்கள் வருவதையும் போவதையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கண் நிறைந்திருந்ததை இளவரசி பார்த்தாள். முன்பு அவர் அழுது அவள் பார்த்ததெல்லாம் வெங்காயத்துக்குத்தான்.

"அப்படி அவரு கூப்புட்டாருன்னா, நான் ஒடனே கெளம்ப மாட்டேன் இளவரசி" என்றார். "கொஞ்சம் நிறுத்துங்க சாமி, இன்னும் ஒரு ஆளு வரணும்னு சொல்லுவேன். அவ உள்ள ஜெபத்துல இருப்பா, இப்ப வந்துடுவா, நான் வெளியில நிக்கறேன்னு சொல்லுவேன். காத்துக்கிட்டு இருக்கறது எனக்கு என்னா புதுசா?"

அப்படியெல்லாம் நிறுத்தச் சொல்ல முடியாது, அது கண்ணை மூடித் திறக்கிற நேரம்தான் என்று இளவரசிக்குத் தெரியும். வேறொரு நாளாக இருந்தால் வசனத்தோடு சொல்லியிருப்பாள்.

"சொல்லுங்க மாமா" என்றாள். "நீங்க சொன்னா நிப்பாரு. நான் ஓடி வந்துடுறேன்."